வட்டி இல்லைன்னா பாரமும் இல்லையா? லாபப் பகிர்வு சிறுகடன் பத்தி ஒரு பாடம்



வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம் நான் பண்ண ஒரு தப்புல இருந்து இந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறேன். எங்க தெருவுல இட்லி மாவு விக்கிற அக்கா ஒருத்தர் பெரிய கிரைண்டர் வாங்க 15,000 ரூபாய் கேட்டாங்க. ஏற்கெனவே அவங்களுக்குக் குழு லோன் ஓடிட்டு இருந்துச்சு. நான் பெரிய மனசோட, "அக்கா, வட்டியெல்லாம் வேண்டாம். மாசம் 1,500 வீதம் பத்து மாசத்துல குடுத்துடுங்க"ன்னு சொல்லிட்டேன்.

முதல் இரண்டு மாசம் பணம் சரியா வந்துச்சு. மூணாவது மாசம் மழை. கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, மாவு புளிச்சுது, வியாபாரம் பாதியாச்சு. ஆனா அந்த மாசமும் 1,500 வந்துச்சு. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் அம்மா மூலமா தெரிஞ்சுது. எனக்குக் குடுக்கறதுக்காக அந்த அக்கா வேற ஒருத்தர்கிட்ட தினவட்டிக்கு வாங்கியிருக்காங்க.

நான் ஒரு பைசா வட்டி வாங்கல. ஆனா என் கடன் அவங்களை வட்டிக்குள்ள தள்ளிடுச்சு. ஏன்? வட்டியை எடுத்த நான், "எது நடந்தாலும் மாசம் இவ்வளவு"ங்கிறதை எடுக்கவே இல்ல.

இன்னிக்கு நாம பாக்கப் போற இஸ்லாமிய லாபப் பகிர்வு சிறுகடன் சரியா இந்த இடத்துலதான் கை வைக்குது. மதம் எதுவா இருந்தாலும், சம்பளம் வாங்குற நாம தெரிஞ்சுக்க வேண்டிய கணக்கு இதுல இருக்கு.

குத்தகையா, வாரமா?

நம்ம ஊர் கிராமத்துப் பேச்சுலயே இதுக்கு வார்த்தை இருக்கு. நிலத்தைக் குத்தகைக்கு விட்டா, விளைஞ்சாலும் விளையாட்டியும் பேசின நெல்லை அளக்கணும். வாரத்துக்கு விட்டா விளைஞ்சதுல பங்கு. ஆடும் அப்படித்தான். வசதி இல்லாத வீட்டுக்கு ஒரு பெட்டை ஆட்டை வாரத்துக்கு விடுவாங்க. மேய்க்கறது அவங்க பொறுப்பு, போடுற குட்டியில ரெண்டு பேருக்கும் பங்கு. நோய் வந்து ஆடு செத்தா, ஆட்டுக்காரருக்கு ஆடு போச்சு, மேய்ச்சவங்களுக்கு உழைப்பு போச்சு.

இந்த வார ஏற்பாட்டை மனசுல வெச்சுக்கோங்க. பேரு மட்டும்தான் அரபியில வரும், விஷயம் பழகினதுதான்.

நாலு வார்த்தை போதும்

இஸ்லாத்துல கடனுக்கு வட்டி வாங்கறது தடை. ஆனா வியாபாரம் பண்ணலாம், முதல் போட்டு லாபத்துல பங்கு வாங்கலாம். அதனால பணம் கைமாற நாலு வழி முக்கியமா இருக்கு.

1. முதாரபா: ஒருத்தர் பணம் போடுறார், இன்னொருத்தர் உழைக்கிறார். லாபத்தை முன்னாடியே பேசின விகிதத்துல பிரிச்சுக்குவாங்க. நஷ்டம் வந்தா பணம் போட்டவருடையது. உழைச்சவருக்கு உழைப்பு வீண். உழைச்சவர் ஏமாத்தினாலோ, அலட்சியமா இருந்தாலோ, ஒப்பந்தத்தை மீறினாலோதான் நஷ்டத்துக்கு அவர் பொறுப்பு. முக்கியமான விதி: பேசறது விகிதமா இருக்கணும். "மாசம் 1,000 குடு"ன்னு தொகையா பேசினா அது முதாரபா இல்ல.

2. முஷாரகா: ரெண்டு பேருமே முதல் போடுறது. லாபம் பேசின விகிதத்துல, நஷ்டம் போட்ட முதலுக்கு ஏத்தபடி. இதுல ஒரு வகையில, அந்தப் பெண் நிறுவனத்தோட பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி, கடைசியில தையல் மெஷினோ கடையோ முழுசா அவங்களுக்கே சொந்தமாயிடும்.

3. முராபஹா: நிறுவனம் பொருளை வாங்கி, அடக்க விலையையும் தன்னோட லாபத்தையும் வெளிப்படையா சொல்லி, தவணைக்கு விக்கும். விலை ஒரு தடவை முடிவானா அவ்வளவுதான். லேட்டானாலும் கூடாது. தாமதக் கட்டணம் வாங்கினாலும் அதை நிறுவனம் வருமானமா எடுத்துக்காம தர்மத்துக்குக் குடுக்கறதுதான் வழக்கம்.

4. கர்ளு ஹஸன்: நம்ம ஊர் முஸ்லிம்கள் 'அழகிய கடன்'னு சொல்றது. வாங்கின முதலை மட்டும் திருப்பிக் குடுத்தா போதும். தமிழ்நாட்டுல பல ஊர்கள்ல பைத்துல்மால் அமைப்புகள் வட்டியில்லா நகைக்கடன் குடுக்கறது இந்த வகைதான். பாகிஸ்தானோட லாகூர்ல 2001ல அம்ஜத் சாகிப் ஆரம்பிச்ச அகுவத் அமைப்பு இதைப் பெரிய அளவுல செய்யுது. முதல் கடன் ஒரு பெண்ணுக்குக் குடுத்த 10,000 ரூபாய். 2021ல அவருக்கு மகசேசே விருது கிடைச்சுது.

கவனிச்சீங்களா? முதல் ரெண்டு வார மாதிரி. மூணாவதும் நாலாவதும் வட்டி இல்லாட்டியும் குத்தகை மாதிரி. தொகை நிலையானது. நான் அந்த அக்காவுக்குக் குடுத்தது நாலாவது வகை.

கணக்கு போட்டுப் பாப்போம்

ஒரு பெண் தையல் மெஷினும் துணியும் வாங்க 20,000 ரூபாய் தேடுறாங்கன்னு வெச்சுக்குவோம். வருஷத்துல 6 மாசம் நல்ல ஆர்டர், மாசம் 5,000 லாபம். 3 மாசம் சுமார், 3,000. மீதி 3 மாசம் லாபமே இல்ல. வருஷ லாபம் 39,000.

• வட்டிக் கடன்: குறையும் நிலுவைக்கு வருஷம் 24% வட்டி, 12 தவணை. மாசம் சுமார் 1,891. மொத்த வட்டி சுமார் 2,690. லாபமே இல்லாத மாசத்துலயும் 1,891 கட்டணும்.

• முராபஹா: 20,000 பொருளை 22,800க்கு வித்தா மாசம் 1,900. லேட்டானா தொகை ஏறாது, அது ஒரு நிம்மதி. ஆனா லாபமே இல்லாத மாசத்துலயும் 1,900 வரணும்.

• முதாரபா, லாபத்துல 90 பங்கு அவங்களுக்கு, 10 பங்கு நிறுவனத்துக்கு: நல்ல மாசம் 500, சுமாரான மாசம் 300, லாபமில்லாத மாசம் பூஜ்யம். வருஷத்துக்கு நிறுவனத்தோட பங்கு 3,900. முதல் 20,000ஐ கடைசியில திருப்பணும். இல்லாட்டி முஷாரகா மாதிரி கொஞ்சம் கொஞ்சமா பங்கை வாங்கிக்கணும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாந்துடுவாங்க. லாபப் பகிர்வு மலிவுன்னு நினைப்பாங்க. இந்தக் கணக்குல அது 1,200 ரூபாய் கூடுதல்! பங்கு 10க்குப் பதிலா 40ன்னு பேசியிருந்தா வருஷத்துக்கு 15,600 போயிருக்கும். சின்ன வியாபாரத்துல லாபத்தோட பெரும்பகுதி அந்தப் பெண்ணோட உழைப்புலதான் வருது. அதனால விகிதம் எவ்வளவுன்னு பாக்காம 'பங்குதானே'ன்னு கையெழுத்து போட்டா, வட்டியை விடப் பெரிய தொகை போயிடும்.

அப்போ அந்த 1,200 எதுக்கு? வியாபாரம் படுத்த மூணு மாசத்துல தினவட்டிக்காரர் வீட்டு வாசலுக்குப் போகாம இருக்கறதுக்கு. வெள்ளத்துல துணி நாசமானா அந்த நஷ்டத்தை முதல் போட்டவர் தாங்கறதுக்கு. ஒருவகையில இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. கையில இருப்பே இல்லாத குடும்பத்துக்கு இது பெரிய விஷயம். மாச சம்பளக்காரங்களான நமக்கு இது சட்டுன்னு புரியாது. நம்ம வருமானம் ஒண்ணாம் தேதி தவறாம வருது, அதனால நிலையான இஎம்ஐ நமக்குப் பொருந்துது. தினமும் ஏறி இறங்குற வருமானத்துக்கு அதே தவணையை மாட்டிவிட்டா நெருக்கும்.

இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரணக் கடன்ல, "இவங்க கட்டுவாங்களா?"ங்கிறதுதான் கேள்வி. பெண் பேர்ல கடன் வாங்கி, கணவர் செலவு பண்ணி, தவணை மட்டும் பெண் தலையில விழற கதை நமக்குத் தெரியும். லாபத்துல பங்கு கேக்குறவர் அப்படி விட முடியாது. என்ன தொழில், யார் நடத்துறாங்க, எங்க விக்கிறாங்கன்னு பாத்தே ஆகணும். தொழில் படுத்தா அவர் பணமும் போகுமே!

இந்தோனேசியாவுல என்ன நடக்குது?

இவ்வளவு நல்லதுன்னா எல்லாரும் இதைத்தானே செய்யணும்? அதைத் தெரிஞ்சுக்க இந்தோனேசியா போவோம்.

அங்க இதுக்குப் பேரு 'பாகி ஹாசில்'. விளைச்சலைப் பிரிக்கறதுன்னு அர்த்தம். ஜாவா கிராமங்கள்ல நிலத்தைப் பாதிப் பங்குக்கு விடுறதை 'மாரோ'ன்னும், மூணுல ஒரு பங்கு முறையை 'மெர்தலு'ன்னும் சொல்வாங்க. அப்படியே நம்ம வாரம்தான். விவசாய நிலத்துல இந்தப் பங்கை ஒழுங்குபடுத்த 1960லயே அங்க தனிச் சட்டம் வந்துச்சு. 1992ல வங்கிச் சட்டம் லாபப் பகிர்வு வங்கிகளுக்கு வழி விட்டுச்சு. அதே வருஷம் பேங்க் முஆமலாத் செயல்பட ஆரம்பிச்சுது.

ஏழைகளுக்கு நெருக்கமா இருக்கறது 'பைத்துல் மால் வத் தம்வீல்', சுருக்கமா பிஎம்டி. பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கமா பதிவானவை. ஒரே கூரைக்குள்ள ரெண்டு வேலை: 'பைத்துல் மால்' பக்கம் ஜகாத், நன்கொடையை வாங்கி ரொம்ப நலிஞ்சவங்களுக்கு உதவும். 'தம்வீல்' பக்கம் சந்தையில காய்கறி, பலகாரம், துணி விக்கிறவங்களுக்கு முதல் குடுக்கும். நம்ம ஊர் பைத்துல்மாலும் இதே வார்த்தைதான். சேமிப்பு போடுறவங்களுக்கும் நிலையான வட்டி கிடையாது. வர்ற வருமானத்துல பங்குதான்.

ஆனா உண்மை நிலவரம் என்னன்னா, உலகம் முழுக்க இஸ்லாமிய சிறுகடன்ல பெரும்பகுதி முதாரபா இல்ல, முராபஹாதான். இந்தோனேசியாவுல ஏழைக் குடும்பப் பெண்களுக்குன்னே இயங்குற பேங்க் பிடிபிஎன் ஷரியா 2018ல பங்குச்சந்தையிலயே பட்டியலாச்சு. அங்கயும் பெண்கள் குழுவா கூடுறாங்க. வங்கி சார்பா பொருளை அவங்களே வாங்கிக்க அதிகாரம் குடுத்து, தவணை விற்பனையா கணக்கு வெக்கிற முறைதான் முக்கியமா இருக்கு. பங்களாதேஷ்ல இஸ்லாமி பேங்க் 1995ல ஆரம்பிச்ச கிராம வளர்ச்சித் திட்டமும் அப்படித்தான். அஞ்சு பேர் கொண்ட குழுக்கள், பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தவணை விற்பனை.

ஏன் இப்படி? காரணம் நாலு.

ஒண்ணு, கணக்கு. மாவு விக்கிற அக்காகிட்ட லாப நஷ்டக் கணக்கு ஏது? கடை அரிசியும் வீட்டு அரிசியும் ஒரே மூட்டை. கடைக் காசுலதான் பிள்ளைக்கு பேனா வாங்கறாங்க. இதுல மாச லாபம் எவ்வளவுன்னு யார் சொல்றது?

ரெண்டு, செலவு. 20,000 ரூபாய் கடனுக்கு மாசாமாசம் ஆள் அனுப்பி கணக்கு பாத்தா, நிறுவனத்துக்கு வர்ற 300, 500 அந்த ஆளோட சம்பளத்துக்கே போயிடும்.

மூணு, நம்பிக்கை. லாபத்தைக் குறைச்சுச் சொன்னா பங்கு குறையும். யாரையும் கெட்டவங்கன்னு சொல்லல. வருமான வரிக்கு வாடகை ரசீது தேடுற நமக்கு இந்த ஆசை புரியாதா என்ன?

நாலு, யார் வர்றாங்க. வியாபாரம் நல்லா போகும்னு தெரிஞ்சவங்க லாபத்துல பங்கு குடுக்க விரும்ப மாட்டாங்க, நிலையான தவணைக்குப் போயிடுவாங்க. சந்தேகத்துல இருக்கறவங்கதான் பங்குக்கு வருவாங்க. அப்போ நிறுவனத்தோட ரிஸ்க் இன்னும் ஏறும்.

அதனால முராபஹாவைக் குறை மட்டும் சொல்றதும் சரியில்ல. விலை முன்னாடியே தெரியும், கடன் குட்டி போடாது. ஆனா பொருளே வாங்காம கையில காசு மட்டும் குடுத்து, பேப்பர்ல 'விற்பனை'ன்னு எழுதினா, அது பேர் மாத்தின கடன்தான். இஸ்லாமியப் பொருளாதார அறிஞர்களே இதை விமர்சிக்கிறாங்க.

நடுவுல ஒரு வழியும் இருக்கு. லாபத்துக்குப் பதிலா வருமானத்துல பங்கு. இந்தோனேசியாவுல இதையும் ஏத்துக்கிட்டிருக்காங்க. செலவுக் கணக்கு நோண்ட வேண்டாம், எவ்வளவு வித்துச்சுன்னு எண்ணினா போதும். குறை என்னன்னா, வித்தும் லாபம் இல்லாத மாசத்துலயும் பங்கு போகும். அதனால விகிதம் சின்னதா இருக்கணும்.

இந்தியாவுல நிலைமை

நம்ம நாட்டுல இஸ்லாமிய வங்கி கிடையாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949 வங்கிகள் பொருள் வாங்கி விக்கறதைத் தடுக்குது. முராபஹாவே அங்க அடிபட்டுடும். இந்த யோசனையை மேற்கொண்டு எடுத்துட்டுப் போகறதில்லைன்னு ரிசர்வ் வங்கி முடிவு பண்ணது 2017ல வெளிய வந்துச்சு.

அதனால உங்க அம்மாவோ சித்தியோ வாங்கியிருக்கற குழு லோன் சாதாரண வட்டிக் கடன்தான். அதுக்கு ரிசர்வ் வங்கி 2022ல கொண்டுவந்த விதிகளை வீட்டுல சொல்லி வைங்க. வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாம குடுக்கறதுதான் சிறுகடன். குடும்பத்தோட எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது. தாமத அபராதம் தவறின தொகைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் இல்ல. காலை 9 மணிக்கு முன்னாடியும் மாலை 6 மணிக்கு அப்புறமும் வசூலுக்கு வரக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. "ஹலால் முதலீடு, லாபத்துல பங்கு, மாசாமாசம் உறுதியான வருமானம்"னு யாராவது வந்தா, முதாரபா விதியை ஞாபகப்படுத்திக்கோங்க. பங்குன்னா உறுதியான தொகை இருக்க முடியாது. உறுதியான தொகைன்னா அது பங்கு இல்ல. 2019ல பெங்களூருல ஐ மானிட்டரி அட்வைசரி நிறுவனம் கவிழ்ந்தப்போ, ஹலால்ங்கிற வார்த்தையை நம்பிப் போட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்களோட சேமிப்பு மாட்டிக்கிச்சு.

நீங்க என்ன பண்ணலாம்?

சம்பளம் வர ஆரம்பிச்சதுமே நம்மகிட்ட யாராவது கேப்பாங்க. அத்தைக்குத் தையல் மெஷின், பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தள்ளுவண்டி. குடுக்க முடிவு பண்ணீங்கன்னா, குடுக்கறதுக்கு முன்னாடி இந்த அஞ்சையும் பேசிடுங்க.

1. இது கடனா, பங்கா, அன்பளிப்பா? ஒரு பேர் வைங்க. பேர் வைக்காத பணம்தான் சொந்தத்தைக் கெடுக்குது.
2. வியாபாரம் படுத்தா அந்த மாசம் என்ன? பதிலை முன்னாடியே எழுதிடுங்க.
3. எதை எண்ணப் போறோம்? கிலோ, ஜாக்கெட், டிபன் பார்சல்னு எளிசா எண்ணக்கூடியதா இருக்கட்டும்.
4. மொத்தம் எவ்வளவு வந்ததும் முடியும்? பங்குன்னா எத்தனை மாசம்?
5. முழுசா போனாலும் உங்க அவசர நிதி தாங்குமா? தாங்காதுன்னா தொகையைக் குறைங்க.

அந்த மாவு அக்கா கதையோட முடிவைச் சொல்லலையே. விஷயம் தெரிஞ்சதும் நேர்ல போனேன். "மாசக் கணக்கு வேண்டாங்க்கா. வித்த கிலோவுக்கு ரெண்டு ரூபா போடுங்க, விக்காத நாள் ஒண்ணும் வேண்டாம்"னேன். இது முழு முதாரபா இல்ல. பழைய கடனோட தவணையை விற்பனையோட கட்டிவிட்டேன், அவ்வளவுதான். அவங்க ஒரு நாற்பது பக்க நோட்டுல தினமும் கிலோ எழுத ஆரம்பிச்சாங்க. ஒரு மாசம் 1,100 வந்துச்சு, ஒரு மாசம் 460. பத்து மாசத்துல முடிய வேண்டியது ரொம்பவே இழுத்துச்சு.

எனக்கு அதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. அவங்களுக்கு ஒரு லாபம் கிடைச்சுது. எந்தக் கிழமை எவ்வளவு மாவு போகுதுன்னு நோட்டைப் பாத்து அவங்களே கண்டுபிடிச்சு, செவ்வாய்க்கிழமை அரைக்கறதைக் குறைச்சுட்டாங்க. மாவு வீணாகறது நின்னுச்சு. கடைசி நாள் நோட்டை என்கிட்ட காட்டி, "தம்பி, கடன் முடிஞ்சுது, ஆனா நோட்டை நான் விடப் போறதில்ல"ன்னு சொன்னாங்க.

முராபஹா கணக்கை இன்னும் விரிவா அடுத்த வீடியோவுல போர்டுல எழுதிக் காட்டுறேன். அதுக்குள்ள உங்க வீட்டுல குழு லோன் இருந்தா, பாஸ் புக்கை எடுத்து வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு, வீட்டு வருமானத்துல அது எத்தனை சதவீதம்னு ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க.